அறியாமையில் பிறந்து இனிமையை அடைந்த சொல்
'நைஸ்' என்னும் ஆங்கிலப் பெயரடையின் வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன், திருக்குறளில் பொறையுடைமை அதிகாரத்தை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, பெண்களைப் பொறுத்துக்கொள்வதுதான் வலிமையுள் வலிமை என்று வள்ளுவர் சொல்கிறாரா?" என்று கேட்டான். வகுப்பில் சிரிப்பலை எழுந்தது. அவனை வழி தவறச் செய்தது 153ஆம் குறளில் வரும் 'மடவார்' என்னும் சொல். அங்கே அச்சொல் அறிவில்லாதவரைக் குறிக்கும், பெண்களைக் குறிக்காது. "இடம் அறியாமல் பொருள் கொள்ளலாமா?" என்று அவனைச் சற்றுக் கடிந்துகொண்டேன்.

ஒரு வாரம் சென்றது. அதே மாணவன் ஷேக்ஸ்பியரின் 'ரோமியோவும் ஜூலியட்டும்' நாடகத்தைக் கையில் கொண்டு என்னிடம் வந்தான். மூன்றாம் அங்கத்தின் முதற் காட்சியில் தெருச்சண்டை மூண்டு இருவர் மாண்டுகிடக்கிறார்கள். நடந்ததை இளவரசனிடம் கூறும் பென்வோலியோ, அந்தச் சண்டை எவ்வளவு 'நைஸ்' என்று ரோமியோ எடுத்துரைத்ததாகச் சொல்கிறான். "இரண்டு பேர் செத்த சண்டை எப்படி ஐயா நைஸ் ஆகும்?" என்பது மாணவனின் ஐயம். நான் சற்றும் தயங்கவில்லை. "அது எள்ளல் தம்பி. இனிய சண்டை என்று குத்திக்காட்டுகிறான்" என்று விடை கூறி அனுப்பிவிட்டேன்.

மாலையில் வீடு திரும்பி அகராதியைப் புரட்டியபோதுதான் என் பிழை எனக்கு விளங்கியது. அங்கே எள்ளலும் இல்லை, குத்தலும் இல்லை. ஷேக்ஸ்பியர் காலத்தில் 'நைஸ்' என்னும் சொல்லுக்கு 'அற்பமான' என்னும் பொருளும் இருந்தது. இந்தச் சண்டைக்குரிய காரணம் எவ்வளவு அற்பமானது என்று எண்ணிப்பார்க்கும்படி ரோமியோ வேண்டினான் என்பதே அவ்வரியின் கருத்து. மாணவன் 'மடவார்' என்னும் சொல்லில் எந்தக் குழியில் விழுந்தானோ, அதே குழியில் ஆசிரியனாகிய நானும் 'நைஸ்' என்னும் சொல்லில் விழுந்திருந்தேன். மறுநாள் அவனை அழைத்து என் விடையைத் திருத்திக்கொண்டேன்.

இக்கட்டுரை அந்தத் திருத்தத்தின் விரிவே. ஒரு சொல்லின் பொருளை அதன் இன்றைய வழக்கைக் கொண்டு பழைய நூலில் ஏற்றலாகாது. அதன் பிறப்பைக் கொண்டு இன்றைய வழக்கைத் திருத்தவும் ஆகாது. இவ்விரு உண்மைகளையும் ஒருசேர விளக்குவதற்கு 'நைஸ்' என்பதைக் காட்டிலும் ஏற்ற சொல் ஆங்கிலத்தில் அரிது.

உரோமர் மொழியில் பிறப்பு

இன்று 'நைஸ்' என்றால் இனிய, நல்ல, இதமான, அன்பான என்றெல்லாம் பொருள் கொள்கிறோம். இச்சொல்லின் தாய் இலத்தீன் மொழியில் உள்ள 'நெஸ்கியுஸ்' என்னும் சொல். அதன் பொருளோ 'அறியாத', 'அறிவற்ற' என்பது!

'நெஸ்கியுஸ்' என்பதைப் பிரித்தால் இரண்டு உறுப்புகள் கிடைக்கும். முன்னால் நிற்கும் 'நெ' எதிர்மறையைக் காட்டுவது. நம் 'அல்', 'இல்' போன்றது. பின்னால் நிற்பது 'ஸ்கீரே' என்னும் வினையோடு உறவுடைய பகுதி. 'ஸ்கீரே' என்றால் அறிதல். எனவே 'அறிதல் இல்லாத' என்பது நேர்ப்பொருள்.

இந்த 'ஸ்கீரே' என்னும் வினைக்குப் பெருமைமிக்க குடும்பம் உண்டு. அறிவியலைக் குறிக்கும் 'சயன்ஸ்' அதன் வழி வந்தது. மனச்சான்றைக் குறிக்கும் 'கான்ஷியன்ஸ்' அதன் வழி வந்தது. தன்னோடு தானே சேர்ந்து அறிவது என்பது அதன் உட்கிடை. உணர்வோடிருத்தலைக் குறிக்கும் 'கான்ஷியஸ்' என்பதும், முற்றும் உணர்ந்த இறைவனைச் சுட்டும் 'ஆம்னிஷியன்ட்' என்பதும் அக்குடும்பத்துப் பிள்ளைகளே. 'வெட்டுதல், பிரித்தல்' என்னும் பொருளுடைய ஒரு பழைய வேரிலிருந்து 'ஸ்கீரே' தோன்றியிருக்க வேண்டும் என்று மொழிநூலார் கருதுவர். ஒன்றை மற்றொன்றினின்று பிரித்துக் காண்பதே அறிவு என்பது இதன் கருத்து. 'பகுத்தறிவு' என்று சொல்லும் தமிழருக்கு இது புதுமையாகத் தோன்றாது.

ஆக, அறிவியலும் மனச்சான்றும் பிறந்த வீட்டில் 'அறியாமை' என்னும் பொருளோடு பிறந்த பிள்ளை 'நைஸ்'.

பிரான்சு வழியாக இங்கிலாந்துக்கு

உரோமப் பேரரசு சிதைந்த பின், மக்கள் பேசிய இலத்தீன் பல நாடுகளில் பல மொழிகளாகக் கிளைத்தது. ஸ்பானிய மொழியில் 'நெஸ்கியுஸ்' என்பது 'நெசியோ' ஆயிற்று. அங்கே அதன் பொருள் இன்றளவும் 'மூடன்' என்பதே. ஆகவே ஒரே தாய்க்குப் பிறந்த இரு சொற்களுள், ஒன்று மாட்ரிட் நகரில் வசையாகவும் மற்றொன்று லண்டன் நகரில் பாராட்டாகவும் வழங்குகின்றன.

பழைய பிரெஞ்சு மொழியில் அச்சொல் மேலும் தேய்ந்து குறுகியது. 12ஆம் நூற்றாண்டளவில் அங்கே அதற்கு அறிவற்ற, அசட்டுத்தனமான, திறமையற்ற என்னும் பொருள்கள் இருந்தன. 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு, அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி ஆட்சி செலுத்தியது. அதன் பயனாக ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்திற்குள் நுழைந்தன. அவற்றோடு இச்சொல்லும் 1300ஆம் ஆண்டையொட்டி ஆங்கில எழுத்தில் இடம்பெறலாயிற்று.

அப்போது அதன் ஒலி 'நைஸ்' அன்று. 'நீஸ்' என்பதுபோல் ஒலித்தது. 15ஆம் நூற்றாண்டு முதல் ஆங்கில நெடில்களில் பெருமாற்றம் நேர்ந்தது. 'டீம' என்று ஒலித்தது 'டைம்' ஆயிற்று. 'வீன்' என்று ஒலித்தது 'வைன்' ஆயிற்று. அந்த வெள்ளத்தில் 'நீஸ்' என்பதும் 'நைஸ்' ஆயிற்று.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. 'நீஸ்' என்றால் மூடன் என்று கண்டவுடன், 'நீசன்' என்னும் சொல்லை இதனோடு முடிச்சுப்போட நம்மில் சிலர் முந்தக்கூடும். பிரான்சு நாட்டில் 'நீஸ்' என்னும் பெயருடைய கடற்கரை நகரம் ஒன்றும் உண்டு; ஆங்கிலத்தில் அதையும் இச்சொல்லையும் எழுதும் எழுத்துகள் ஒன்றே. ஆனால் நகரத்தின் பெயர் 'நிகாயா' என்னும் கிரேக்கப் பெயரிலிருந்து வந்தது. 'நீசன்' வடமொழிச் சொல். ஒலி ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது. இடைப்பட்ட படிகளை நூற்றாண்டு வாரியாகக் காட்ட முடிந்தால்தான் உறவு நிலைபெறும்.

ஒரு சொல், பல கிளைகள்

சாசர் என்னும் ஆங்கிலப் பெருங்கவிஞர் 1400ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய 'காண்டர்பரிக் கதை'களில் இச்சொல் 'மூடத்தனமான' என்னும் பொருளில் வருகிறது. அக்காலத்தில் ஒருவனை 'நைஸ்' என்று அழைத்திருந்தால் அவன் மகிழ்ந்திருக்க மாட்டான்; சினந்திருப்பான். இன்று நுட்பத்தைக் குறிக்கும் 'நைசிட்டி' என்னும் பெயர்ச்சொல்லும் அந்நாளில் 'மடமை' என்றே பொருள்பட்டது.

அங்கிருந்து இன்றைய இடத்திற்குச் சொல் எவ்வாறு வந்து சேர்ந்தது? ஒரே தாவலில் வந்துவிடவில்லை. ஏணியின் படிகள்போல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வந்தது என்றும் சொல்வதற்கில்லை. ஒரு மரம் பல திசைகளில் கிளை விடுவதுபோல் அது விரிந்தது. பழங்கிளை பட்டுப்போகுமுன் புதுக்கிளை துளிர்த்தது. ஆயினும் பொருள் நகர்ந்த வழியைச் சிந்தித்து அறியலாம்.

அறிவில்லாதவன் செய்யும் செயல்களுள் ஒன்று தன்னை மிகையாக அலங்கரித்துக்கொள்வது. எனவே பகட்டான, ஆடம்பரமான, ஒழுக்கம் தளர்ந்த என்னும் பொருள்கள் ஒரு பக்கம் கிளைத்தன. உலகம் அறியாதவன் கூச்சப்படுவான். எதையும் தொடத் தயங்குவான். எனவே நாணமுடைய, ஒதுங்கும் இயல்புடைய என்னும் பொருள்கள் மற்றொரு பக்கம் கிளைத்தன. தொடத் தயங்குபவன் எதிலும் குறை காண்பான். இந்த உணவு ஆகாது, அந்தத் துணி ஆகாது என்பான். இவ்வாறு 'எளிதில் மனம் நிறைவுறாத' என்னும் பொருள் பிறந்தது.

இந்த இடத்தில்தான் சொல்லின் தலைவிதி மாறுகிறது. எளிதில் மனம் நிறைவுறாதவனை நாம் இரு விதமாகப் பார்க்கலாம். எதற்கும் முகம் சுளிப்பவன் என்று இகழலாம். நுணுகிப் பார்த்துத் தேர்பவன் என்று புகழவும் செய்யலாம். குணம் ஒன்றே; பார்வைதான் வேறு. புகழும் பார்வை மேலோங்க, 'நுட்பமான', 'துல்லியமான' என்னும் பொருள்கள் 16ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றன. நுட்பமாகப் பார்ப்பவனுக்கு வழங்கிய சொல், பின் நுட்பமாகப் பார்க்க வேண்டிய பொருளுக்கும் வழங்கலாயிற்று. இரு கருத்துகளுக்கு இடையே உள்ள மெல்லிய வேறுபாட்டை 'நைஸ்' வேறுபாடு என்றார்கள். அந்த வழக்கு சட்டத்துறையிலும் தருக்கத்திலும் இன்றும் மறையவில்லை.

மெல்லிய வேறுபாடு சிலருக்கு நுட்பமாகத் தோன்றும். வேறு சிலருக்கு 'இதென்ன பெரிய வேறுபாடு?' என்று அற்பமாகத் தோன்றும். பென்வோலியோவின் வாயில் வந்த 'அற்பமான' என்னும் பொருள் இத்தகைய கிளைதான்.

அதே நாடகத்தின் ஐந்தாம் அங்கத்திலும் இச்சொல் இப்பொருளில் வருகிறது. ஜூலியட் உண்மையில் இறக்கவில்லை என்னும் செய்தியை ரோமியோவுக்குத் தெரிவிக்கும் மடல், கொள்ளைநோய் அச்சத்தால் வழியில் தடைபட்டுவிடுகிறது. அதை அறிந்த துறவி லாரன்ஸ், அந்த மடல் 'நைஸ்' அன்று, பெரும் பொறுப்புச் சுமந்தது என்று பதறுகிறார். இன்றைய பொருளைக் கொண்டு படிக்கும் மாணவன், 'அம்மடல் இனிமையாக எழுதப்படவில்லை போலும்' என்று எண்ணுவான். இரண்டு இளம் உயிர்கள் போவதற்குக் காரணமான செய்தியின் கனம் அவன் மனத்தில் ஏறாது. ஒரு சொல்லைத் தவறாகக் கொண்டால், சொல் மட்டுமா கெடுகிறது? காட்சியே கெடுகிறது.

இத்தனை கிளைகளும் ஒரே காலத்தில் வழங்கியமையால், 16, 17ஆம் நூற்றாண்டு நூல்களில் இச்சொல்லை எந்தப் பொருளில் ஆசிரியர் கையாண்டார் என்று அறுதியிடுவது பல இடங்களில் அரிது. ஆக்ஸ்போர்டுப் பேரகராதியைத் தொகுத்த பேரறிஞர்களே இதனை ஒப்புக்கொண்டு குறிப்பு எழுதியுள்ளனர். அவர்களே தயங்கிய இடத்தில் நான் தயங்காமல் விடை கூறியதை எண்ணி இன்றும் நாணுகிறேன்.

ஜேன் ஆஸ்டினின் நகைப்பு

1755ஆம் ஆண்டில் சாமுவேல் ஜான்சன் தம் புகழ்பெற்ற அகராதியை வெளியிட்டபோது, இச்சொல்லுக்கு அவர் முதலிடம் கொடுத்துக் கூறியது நுணுக்கமாக எடைபோடும் தன்மையைத்தான். ஆனால் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் 'இனிய', 'மகிழ்ச்சி தரும்' என்னும் பொருள் பேச்சுவழக்கில் வெள்ளம்போல் பரவியது. நுணுகிப் பார்ப்பவரின் சுவைக்குத் தக்கது எதுவோ அது நல்லது. நல்லது எதுவோ அது இனியது. இவ்வாறு சொல் இறுதி வாயிலைக் கடந்தது.

இந்த மாற்றத்தைக் கண்முன் நிறுத்தும் காட்சி ஒன்று ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபி' என்னும் புதினத்தில் உள்ளது. 1798, 1799ஆம் ஆண்டுகளில் பெரிதும் எழுதப்பெற்று, ஆசிரியை மறைந்த பின் 1817ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்த நூல் அது. அதன் 14ஆம் அதிகாரத்தில், கேத்தரின் என்னும் இளம்பெண் தான் விரும்பிப் படித்த ஒரு கதையை உலகிலேயே மிக 'நைஸ்' ஆன நூல் என்கிறாள். உடன் நடந்துவரும் ஹென்றி அவளை விடவில்லை. நேர்த்தியான நூல் என்கிறாய் போலும், அப்படியானால் அது கட்டடத்தைப் பொறுத்தது என்று கிண்டல் செய்கிறான். நாளும் நைஸ், நடையும் நைஸ், பெண்களும் நைஸ். எல்லாப் பாராட்டுக்கும் இந்த ஒரு சொல்லே போதும் என்றாகிவிட்டது என்று நகைக்கிறான்.

ஹென்றியின் வாதம் நம்மைக் கவர்கிறது. ஆனால் ஆஸ்டின் அம்மையாரின் கூர்மை அதனினும் பெரிது. ஹென்றியின் தங்கை குறுக்கிட்டு, அண்ணன் அறிவாளியாக இருப்பதைக் காட்டிலும் 'நைஸ்' ஆக இருக்கிறான் என்கிறாள். அவள் வாயில் அச்சொல் 'குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே இருப்பவன்' என்னும் பழைய பொருளில் வருகிறது. பழைய பொருளுக்காக வாதாடியவனை அப்பழைய பொருளைக் கொண்டே மடக்கிவிடுகிறாள். ஒரே உரையாடலில் சொல்லின் புதிய முகமும் பழைய முகமும் எதிரெதிரே நிற்கின்றன.

இன்னும் ஒன்று கருதத்தக்கது. நேர்த்தி, நயம் என்பவையே சொல்லின் பழைய பொருள் என்று ஹென்றி எண்ணினான். அவற்றுக்கும் முன்னே 'மூடத்தனம்' நின்றது. பழமையைக் காப்பதாகக் கூறுபவர்கள் பெரும்பாலும் தங்கள் பாட்டனார் காலத்துப் பழமையோடு நின்றுவிடுகிறார்கள். 1926ஆம் ஆண்டில் ஆங்கில வழக்கு பற்றி நூல் எழுதிய பவுலரும், இச்சொல் மிகுதியாகக் கையாளப்பட்டுத் தன் தனித்தன்மையை இழந்துவிட்டது என்று குறைபட்டுக்கொண்டார். குறைகள் எழுந்தன, வழக்கோ தன் வழியே சென்றது.

எதிர்த்திசையில் சென்ற சொல்

'நைஸ்' கீழிருந்து மேலே ஏறியது. இதனை மொழிநூலார் 'உயர்பொருட்பேறு' என்பர். இதற்கு நேர்மாறாக மேலிருந்து கீழே இறங்கிய சொல் 'சில்லி' என்பது. அது இலத்தீன் சொல் அன்று; பழைய ஆங்கிலச் சொல். முதலில் 'பேறுபெற்ற', 'மகிழ்ச்சியுடைய' என்று பொருள்பட்டது. அதன் உடன்பிறப்பாகிய 'சேலிஷ்' என்னும் ஜெர்மன் சொல் இன்றும் அப்பொருளிலேயே வழங்குகிறது. ஆங்கிலத்திலோ அது பேறுபெற்றவன், கள்ளமற்றவன், இரங்கத்தக்கவன், அறிவற்றவன் என்று படிப்படியாக இறங்கியது. இதனை 'இழிபொருட்பேறு' என்பர். மூடனாகப் புறப்பட்டவன் நல்லவன் ஆனான். நல்லவனாகப் புறப்பட்டவன் மூடன் ஆனான். இருவரும் 'கள்ளமற்ற எளிமை' என்னும் இடத்திற்கு அருகில் ஒருவரையொருவர் கடந்து சென்றிருக்க வேண்டும்!

தமிழில் 'மடம்'

இனி என் மாணவனின் கேள்விக்கு வருவோம். 'நைஸ்' நடந்த பாதையின் ஒரு பகுதியைத் தமிழில் 'மடம்' என்னும் சொல் நடந்திருக்கிறது. மடம் என்பது அறியாமை. 89ஆம் குறளில் 'மடமை' அறிவின்மையையும் 'மடவார்' அறிவிலாரையும் குறிக்கின்றன. அறியாமையிலிருந்து கள்ளமின்மை, கள்ளமின்மையிலிருந்து மென்மை, மென்மையிலிருந்து அழகு. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று பெண்மைக் குணங்களை அடுக்கியபோது, அங்கே மடம் வசையாக நிற்கவில்லை. 1089ஆம் குறளில் வரும் 'மடநோக்கு' மூடப் பார்வை அன்று. மான்பிணையின் மருண்ட, மென்மையான பார்வை. பின்னர் 'மடவார்' என்பது மகளிருக்கே பெயராயிற்று.

'பேதை' என்னும் சொல்லும் இவ்வாறே. 'பேதைமை' என்று வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்து அறிவின்மையைச் சாடினார். அச்சொல்லே ஐந்து முதல் ஏழு வயது வரையுள்ள சிறுமிக்குப் பருவப்பெயராகவும் வழங்கியது.

அறியாமையை மென்மையாகவும் அழகாகவும் காணும் இப்போக்கு மேற்கிலும் கிழக்கிலும் ஒன்றுபோல் நிகழ்ந்திருப்பது வியப்பே. பெண்ணின் அறியாமையை அழகு என்று ஒரு காலத்துச் சமுதாயம் மெச்சியது என்னும் செய்தியும் இச்சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது. அதனை மாணவிகளும் அமர்ந்திருக்கும் வகுப்பில் மறைக்காமல் எடுத்துக்கூறுவது நல்லாசிரியரின் கடன்.

ஒரே நூலில், ஒரே வேரிலிருந்து, 153ஆம் குறளில் ஒரு பொருளும் 1089ஆம் குறளில் மற்றொரு பொருளும்! இதை உணராமல் என் மாணவனைக் கடிந்துகொண்டது எவ்வளவு பிழை! அவன் பின்னாளில் தோன்றிய பொருளை முன்னாளைய குறளில் ஏற்றினான், அவ்வளவே. சி. எஸ். லூயிஸ் 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட சொல்லாய்வு நூலில் இந்த இடர்ப்பாட்டை விரித்துரைக்கிறார். நம் காலத்தில் ஓங்கி நிற்கும் பொருள் எதுவோ, அதுவே பழைய நூல்களைப் படிக்கும்போது நமக்கு ஆபத்தான பொருள் என்பது அவர் கருத்து. முற்றும் தெரியாத சொல் நம்மை ஏமாற்றாது. அகராதியை நாடச் செய்யும். தெரிந்ததுபோல் தோன்றும் சொல்தான் ஏமாற்றும்.

பிறப்பு பொருளாகாது

இதன் மறுபக்கத்தையும் நோக்குவோம். "நைஸ் என்றால் உண்மையில் மூடன் என்றுதான் அர்த்தம், ஆகவே யாரையும் அப்படிச் சொல்லாதீர்கள்" என்று சிலர் மேடைகளில் வேடிக்கையாகவும், சில வேளை உண்மையாகவும் கூறக் கேட்டிருக்கிறேன். இது முதற் பிழையின் இரட்டைப் பிள்ளை. பிறந்த பொருள்தான் உண்மைப் பொருள் என்றால், திருக்குறளில் 'நாற்றம்' என்பது மலர்மணத்தைக் குறிக்கிறது என்று சான்று காட்டி, விருந்துக்கு அழைத்த வீட்டு அம்மையாரிடம், "உங்கள் சமையல் நாற்றம் தெருவரை வருகிறது" என்று நாம் பாராட்டலாம். அடுத்த விருந்துக்கு அழைப்பு வருமா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்!

சொல் ஒரு பொருளை உணர்த்துவதற்குக் காரணம் பார்த்த மாத்திரத்தில் விளங்கித் தோன்றாது என்று தொல்காப்பியர் உரியியலில் கூறியிருக்கிறார். காரணம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. எளிதில் தோன்றாது என்றே சொன்னார். காரணத்தைத் தேடுவது ஆராய்ச்சி. அக்காரணத்தைக் கொண்டு இன்றைய வழக்கைக் கட்டிப்போட முயல்வது வீண்முயற்சி.

நம் அடுக்களைக்கு வந்த நைஸ்

இச்சொல்லின் பயணம் லண்டனோடு முடியவில்லை. நம் வீடுகளுக்குள்ளும் அது வந்துவிட்டது. "மாவை நைஸாக அரை" என்கிறோம். அங்கே அதன் பொருள் இனிமை அன்று, மிக நுண்மை. துணி நைஸாக இருக்கிறது என்றால் வழவழப்பும் மென்மையும். ஆங்கிலேயர் பேச்சில் பின்தள்ளப்பட்ட நுண்மைப் பொருளைத் தமிழ்ப் பேச்சு தன் அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் வைத்துக் காப்பாற்றுகிறது.

அதோடு நின்றோமா? "நைஸாகப் பேசிக் காரியத்தைச் சாதித்துக்கொண்டான்", "நைஸாக நழுவிவிட்டான்" என்றும் சொல்கிறோம். இங்கே தந்திரம், ஓசைப்படாமை என்னும் பொருள்கள் தமிழ்ப் பேச்சில் தழைத்திருக்கின்றன. இன்றைய ஆங்கிலேயர் தம் மொழியில் அச்சொல்லை இப்பொருளில் வழங்குவதில்லை. ஒன்றும் அறியாதவனைக் குறிக்கப் பிறந்த சொல், நம்மிடம் வந்து எல்லாம் அறிந்த தந்திரக்காரனைக் குறிக்கிறது. இதனினும் பெரிய மாற்றம் வேறென்ன வேண்டும்?

ஆசிரியர்கள் கொள்ளத்தக்க முறை

இருமொழி பயிலும் நம் மாணவர்களுக்கு இவ்வரலாறு மிகவும் பயன்படும். பழைய நூலில், பழகிய சொல் ஒன்று பொருந்தாமல் நின்றால், மூன்று வினாக்களை எழுப்பப் பழக்கலாம். இந்நூல் எக்காலத்தது? இச்சொல் அக்காலத்தில் எப்பொருள்களில் வழங்கியது? பக்கத்தில் நிற்கும் சொற்கள் எப்பொருளைக் கேட்கின்றன? மூன்றாவது வினாவே தலையாயது. துறவி லாரன்ஸின் பேச்சில் 'நைஸ்' என்பதற்கு எதிராகப் 'பொறுப்புச் சுமந்தது' என்னும் கருத்து நிற்பதைக் கண்டாலே, முன்னது அற்பமானதைக் குறிக்கிறது என்பது அகராதி இல்லாமலே விளங்கிவிடும். 153ஆம் குறளில் மடவாரைப் பொறுப்பது வலிமை எனப்படுவதைக் கண்டாலும் அவ்வாறே.

கட்டுரைப் பயிற்சியிலும் இது துணைசெய்யும். ஆங்கிலக் கட்டுரையில் பக்கத்துக்குப் பத்து 'நைஸ்' எழுதும் மாணவன், தமிழ்க் கட்டுரையில் பக்கத்துக்குப் பத்து 'நல்ல' எழுதுகிறான். நல்ல மழை, நல்ல அடி, நல்ல இருட்டு, நல்ல பாம்பு என்று நாம் பேசும்போது, அந்த 'நல்ல' எத்தனை வேடம் போடுகிறது! அச்சொல்லைத் தடை செய்ய வேண்டியதில்லை. "நல்ல மழை என்றாயே, பலத்த மழையா, இதமான மழையா, வேண்டிய காலத்தில் பெய்த மழையா?" என்று கேட்டால் போதும். மாணவன் தன் கருத்தைத் தானே நுணுகிப் பார்ப்பான். நுணுகிப் பார்த்தல் என்பதும் 'நைஸ்' என்னும் சொல்லின் பழம்பொருள்களுள் ஒன்றுதானே!

என் மாணவனிடம் திருத்தம் சொன்ன அன்று, அவன் சிரித்துக்கொண்டே, "அப்படியென்றால் ஐயா, நாம் இரண்டு பேருமே பழைய பொருளில் நைஸ்" என்றான். அவன் எந்தப் பழைய பொருளைக் கருதினான் என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற சொற்களே அதைத் தெளிவாக்கிவிட்டன.